பாராரூஸ் ஆட்டம் பார்க்கப் போகிறீர்களா? முதலில் பந்தை விடுங்கள்

முதல் தடவை சி.பி. கால்பந்து, அதாவது பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ளவர்கள் ஆடும் கால்பந்து, பார்த்தபோது நான் பந்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது நிமிடத்தில் பாதி ஆட்டம் முடிந்துவிட்டது. சின்ன மைதானம், பக்கத்துக்கு ஏழு பேர், நான் நினைத்து வந்ததைவிட நல்ல வேகம். மனதில் நின்றது அவ்வளவுதான். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா ஃபிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டே, "பந்தை விடுடா, அந்தப் பதினாலாம் நம்பரைப் பாரு" என்றாள். பதினாலாம் நம்பர் பந்தைத் தொட்டதே நாலைந்து தடவைதான் இருக்கும். முழங்கால்கள் ஒன்றோடொன்று உரச, குட்டி எட்டு வைத்து ஓடிக்கொண்டிருந்தான். இரண்டாம் பாதி முழுக்க அவன்மேலேயே கண்ணை வைத்திருந்தேன். ஆட்டம் அப்போதுதான் பிடிபட ஆரம்பித்தது.

அக்கா மகனுக்குப் பெருமூளை வாதம், வலப்பக்கம். அவனைச் சாக்கிட்டுத்தான் நானும் இதற்குள் வந்தேன். நாங்கள் இருப்பது சிட்னியின் மேற்குப் பக்கம். டூங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் என்று தெருவுக்கு நாலு தமிழ்க் குடும்பம் இருக்கிற இடம். இங்கே பிள்ளையை எந்த கிரிக்கெட் கிளப்பில் சேர்க்கலாம் என்று கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். பாராரூஸ் என்றால், "அது என்ன, புது உணவகமா?" என்றுகூட ஒருவர் கேட்டிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்குப் பாதி, பிள்ளையை ஆட விடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு மீதி.

எந்த ஆட்டம் என்பதில் குழப்பம் வேண்டாம்

பாராரூஸ் என்பது ஆஸ்திரேலியாவின் தேசிய சி.பி. கால்பந்து அணி. ஆண்கள் அணி சாக்கரூஸ் என்றால், இது பாராரூஸ். பெண்கள் தேசிய அணிக்குப் பெயர் பாராமடில்டாஸ், 2022-இல்தான் தொடங்கினார்கள். பெருமூளை வாதத்தோடு பிறந்தவர்கள் மட்டும்தான் ஆடலாம் என்றில்லை. விபத்தில் மூளையில் அடிபட்டவர்கள், இளவயதில் பக்கவாதம் வந்தவர்கள் எல்லாரும் வரலாம். தசை இறுக்கம், உடல் ஒருங்கிணைப்பு குலைவது, கட்டுப்பாடின்றி வரும் அசைவுகள் ஆகிய மூன்றில் ஒன்றாவது மூளைப் பாதிப்பால் இருக்கவேண்டும் என்பதுதான் விதி.

"பாராலிம்பிக்கில் இதைத்தானே காட்டினார்கள், பந்துக்குள் சத்தம் வருமே?" என்று பலரும் கேட்கிறார்கள். அது பார்வையற்றோர் கால்பந்து. சி.பி. கால்பந்தும் 1984 முதல் 2016 வரை பாராலிம்பிக்கில் இருந்தது. நெதர்லாந்து 1988, 1992, 1996 என்று மூன்று தடவை தொடர்ந்து தங்கம் வாங்கியது. 2000-இலிருந்து ரஷ்யாவும் உக்ரைனும் அதை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். 2016 ரியோவில் உக்ரைன் இறுதியாட்டத்தில் ஈரானை 2–1 என்று வென்றது. அதோடு சரி. டோக்கியோவுக்கான பட்டியலிலிருந்து இந்த ஆட்டத்தை எடுத்துவிடப்போவதாக 2015 தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டார்கள். உலகில் போதுமான அளவு பரவவில்லை என்று காரணம் சொன்னார்கள். பாரிஸிலும் இல்லை. இப்போது இந்த ஆட்டத்தை நடத்துவது ஐ.எஃப்.சி.பி.எஃப். என்ற சர்வதேச சி.பி. கால்பந்துக் கூட்டமைப்பு. உலகக் கோப்பையும் அவர்களுடையதுதான்.

அளவுகளை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

இது சீக்கிரம் முடிகிற பாடம். கோல்கீப்பரோடு சேர்த்து ஓர் அணிக்கு ஏழு பேர். பாதிக்கு 30 நிமிடம், மொத்தம் 60. மைதானம் சுமார் 70 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். கோல் 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். வழக்கமான கோல் 7.32-க்கு 2.44 மீட்டர். பந்து எல்லாரும் ஆடும் அதே 5-ஆம் எண் பந்துதான்.

ஆடும் விதத்தில் முக்கியமாக இரண்டு விதிகள் வேறு. ஒன்று, ஆஃப்சைடு கிடையாது. முன்னால் ஒருவர் எதிரணி கோலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்ளலாம். டிஃபென்ஸில் ஒருவர் அவரோடு கட்டுண்டு கிடப்பார். இன்னொன்று, த்ரோ. பந்து கோட்டைத் தாண்டிப் போனால் தலைக்குமேல் இரண்டு கைகளையும் தூக்கித்தான் எறியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு கையால் தரையில் உருட்டிவிடலாம். ஒரு பக்கம் செயல் குறைந்த ஆளுக்கு இரண்டு கைகளும் ஒன்றாக மேலே போகாது, அதனால்தான் இந்த ஏற்பாடு. முதல் தடவை பார்க்கிறவர்கள், "என்னப்பா, சின்னப்பிள்ளை மாதிரி உருட்டிவிடுகிறான்" என்பார்கள். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். உருட்டிவிடும் பந்து நேரே காலுக்கு வருகிறது, எகிறி வரும் பந்தை அடக்கும் வேலை மிச்சம். நல்ல அணிகள் அதிலிருந்தே தாக்குதலைத் தொடங்கிவிடும்.

ஏழு பேரில் யார் யார்

கட்டுரையில் இந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு மைதானத்துக்குப் போனாலும் போதும்.

ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு வகுப்பு உண்டு. 2018 முதல் அது மூன்றாக இருக்கிறது: எஃப்டி1, எஃப்டி2, எஃப்டி3. எஃப்டி1 என்றால் பாதிப்பு அதிகம், எஃப்டி2 நடுத்தரம், எஃப்டி3 குறைவு. பழைய ஆட்டங்களின் காணொளிகளைப் பார்த்தால் சி5, சி6, சி7, சி8 என்று வரும். அது முந்தைய ஏற்பாடு.

விதி இவ்வளவுதான். மைதானத்தில் எப்போதும் குறைந்தது ஓர் எஃப்டி1 இருக்கவேண்டும். எஃப்டி3 ஒருவருக்குமேல் இருக்கக்கூடாது. எஃப்டி1 ஆள் கைவசம் இல்லாத அணி ஏழாவது ஆளை இறக்க முடியாது. ஆறு பேரோடுதான் ஆடவேண்டும்.

இதை முதலில் கேட்டபோது, ஏதோ இரக்கத்துக்காகக் கொடுத்த இடஒதுக்கீடு என்று நினைத்தேன். அது தப்பு. இந்த விதியால் மொத்த ஆட்டமே மாறிவிடுகிறது. வழக்கமான கால்பந்தில் பயிற்சியாளர் தன்னுடைய மிகத் திறமையான ஆளைச் சுற்றி அணியைக் கட்டுவார். இங்கே எஃப்டி1-ஐ எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் மற்ற ஆறு பேருக்கு இடம் தேடுவார். கோலில் நிறுத்தினால் வெளியே ஆறு பேரும் வேகமாக ஓடுவார்கள். ஆனால் கோலில் ஒருவர் பக்கவாட்டில் பாய்ந்து விழுந்து, உடனே எழவும் வேண்டும். முன்னால் நிறுத்தினால், ஆஃப்சைடு இல்லாததால் அவர் அதிகம் ஓடவேண்டியதில்லை. கோலுக்குப் பக்கத்தில் ஒரு தொடுகையே போதும். ஆனால் பந்து பறிபோனால் தடுக்க ஓர் ஆள் குறைவு. ஓரத்தில் நிறுத்தினால் எதிரணி அந்த ஓரத்தையே குறிவைத்து வரும். மூன்றிலும் நட்டம் உண்டு, எந்த நட்டத்தைத் தாங்கமுடியும் என்பதுதான் கணக்கு.

அதனால் மாற்று ஆட்கள் உட்காரும் பெஞ்சையும் பாருங்கள். நல்ல எஃப்டி1 இரண்டு பேர் வைத்திருக்கும் அணி பணக்கார அணி. ஒருவர்தான் இருக்கிறார் என்றால், அவர் தடுக்கி விழும் ஒவ்வொரு தடவையும் பயிற்சியாளருக்கு நெஞ்சு பதறும். அணியில் நட்சத்திரம் என்று பெயர் வாங்குகிறவர் பெரும்பாலும் எஃப்டி3 ஆகத்தான் இருப்பார். அவர் வெளியே போனால் இன்னோர் எஃப்டி3 வரலாம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் மட்டும் நிற்கமுடியாது.

மைதானத்தில் கண்ணை எங்கே வைப்பது

முதல் ஐந்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு நடையையும் ஓட்டத்தையும் பாருங்கள். வகுப்பு எண்ணைவிட இது கூடுதலாகச் சொல்லும்.

இரண்டு கால்களிலும் தசை இறுக்கம் உள்ளவர்கள் எட்டு சின்னதாக வைப்பார்கள், முழங்கால் உள்ளே சாயும். நேராக ஓடுவதில் ஓரளவு சமாளித்துவிடுவார்கள். சிக்கல் நிற்பதில்தான். வேகத்தில் வந்து சட்டென்று நிறுத்தித் திரும்பச் சொன்னால் இரண்டு மூன்று எட்டு கூடுதலாகப் போய்விடும். தசை இறுக்கத்தின் குணம் அது. எவ்வளவு வேகமாகத் தசையை இழுக்கிறோமோ, அவ்வளவு பலமாக அது எதிர்த்து இறுகும்.

ஒரு பக்கம் பாதிக்கப்பட்டவர்களை எளிதில் கண்டுபிடிக்கலாம். ஓடும்போது ஒரு முழங்கை மடங்கி நெஞ்சுக்கு அருகில் வரும், அந்தப் பக்கக் குதிகால் தரையில் முழுதாகப் பதியாது. இவர்களுக்குத் திரும்புவதற்கு ஒரு பக்கம் லேசு, இன்னொரு பக்கம் கஷ்டம். விவரம் தெரிந்த டிஃபென்டர் பத்து நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்து, அவரைக் கஷ்டமான பக்கமே தள்ளிக்கொண்டு போவார். இன்னொன்றையும் கவனியுங்கள். நல்ல காலால் பந்தை உதைக்கும் அந்த நொடியில் உடம்பின் பாரம் முழுவதையும் பாதிக்கப்பட்ட கால் தாங்கவேண்டும். அதனால் "அவனுக்கு இடதுகால்தான் பலம்" என்பது பாதி உண்மைதான். இடதுகால் எவ்வளவு பலமாக அடிக்கும் என்பது வலதுகால் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது வகை, ஒருங்கிணைப்புக் குலைவும் கட்டுப்படாத அசைவும் உள்ளவர்கள். இவர்கள் ஓடும்போது தெரியாதது, அசையாமல் நிற்கவேண்டிய நேரத்தில் தெரியும். ஃப்ரீ கிக்குக்காக எல்லாரும் காத்திருக்கும்போது கையும் தலையும் தானாக அசைந்துகொண்டிருக்கும். விசில் அடித்ததும் தொடங்குவதிலும், ஓடிக்கொண்டே திசை மாற்றுவதிலும் சிரமப்படுவார்கள். ஆட்டம் ஓட்டம் பிடித்துவிட்டால் அழகாக ஆடுவார்கள்.

இதெல்லாம் பார்த்தாயிற்றா? இப்போது பந்துக்கு வாருங்கள். ஒவ்வொரு பாஸும் எந்தக் காலுக்குப் போகிறது என்று பாருங்கள். நல்ல அணியில் ஓர் ஆள் இன்னோர் ஆளின் எந்தக் காலுக்கு, எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு வேகத்தில் பந்து வந்தால் அவருக்கு வசதி என்று தெரிந்து கொடுப்பார். இவ்வளவு நுணுக்கமாக ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருக்கும் அணியை நான் வேறெந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை. கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம், சொந்தக்காரனுக்கு உள்ள சார்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். களைப்பு ஏற ஏற இறுக்கமும் கூடும், முதல் பாதியில் மறைந்திருந்த பாதிப்பெல்லாம் அப்போதுதான் வெளியே தெரியும். ஆட்டங்கள் பெரும்பாலும் மாறுவதும் அங்கேதான்.

அணியின் கதை, சுருக்கமாக

பக்கத்தில் இருக்கும் ரசிகரோடு பேச இவ்வளவு தெரிந்தால் போதும். 2000-இல் சிட்னி பாராலிம்பிக்கில் பாராரூஸ் சொந்த மண்ணில் ஆடினார்கள். அதற்குப் பிறகு உள்ளூரில் ஒரு சர்வதேச ஆட்டம் ஆட 19 வருடம் ஆயிற்று. 2019 நவம்பரில் சிட்னியின் குரோமர் பார்க்கில் கனடாவோடு நடந்த ஆட்டம்தான் அது. அப்போது டேவிட் பார்பர் கேப்டன், காய் லாமர்ட் பயிற்சியாளர். நடுவில் 2014-இல் அரசு விளையாட்டு நிதி நின்றுபோனது. பதக்கம் வரும் வாய்ப்பு இல்லாத அணிக்கு எதற்குப் பணம் என்ற கணக்குதான். அப்புறம் கால்பந்துச் சங்கமும் பொதுமக்களின் நன்கொடையும் சேர்ந்து அணியைக் காப்பாற்றின. இங்கே பழைய ரசிகர்களிடம் இந்த விஷயத்தைத் தொட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள், தயாராக இருங்கள்.

பாராமடில்டாஸ் தொடங்கிய அதே 2022-இல் ஸ்பெயினின் சாலோவில் பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை நடந்தது. கெல்லி ஸ்டர்டன் பயிற்சியில் போன புது அணி இறுதியாட்டம் வரைக்கும் போய், அமெரிக்காவிடம் தோற்றது. 2023-இல் ஆசிய–ஓசியானியப் போட்டி மெல்பர்னில் நடந்தது.

ஆட்டம் எப்போது, எங்கே என்பதை ஃபுட்பால் ஆஸ்திரேலியாவின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த மண்ணில் தேசிய அணியின் ஆட்டம் அடிக்கடி வராது. அதற்குக் காத்திருக்காமல், வருடாவருடம் நடக்கும் தேசியப் பாரா கால்பந்துப் போட்டிக்குப் போகலாம். மாநில அணிகள் மோதுவது. நாளைய பாராரூஸை இன்றைக்கே கோட்டுக்கு இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று பார்த்துவிடலாம்.

சரி, பிள்ளையைச் சேர்க்கவேண்டும் என்றால்

முதல் வேலை, சி.பி. அணியைத் தேடுவது அல்ல. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரண கிளப்பில் சேர்ப்பதுதான். ஜனவரி, பிப்ரவரியில் பதிவு நடக்கும். பிளே ஃபுட்பால் தளத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்தால் பக்கத்து கிளப்புகள் வரும். இங்கே கால்பந்து குளிர்காலத்து ஆட்டம், ஏப்ரல் வாக்கில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை போகும். எட்டு, ஒன்பது வயதுக்குக் கீழான பிரிவுகளில் பக்கத்துக்கு ஏழு பேர்தான். சி.பி. கால்பந்தின் கணக்கும் அதுவே. அந்த வயதில் பிள்ளை எல்லாரோடும் சேர்ந்து ஆடிப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சிக்கல் வருவது பன்னிரண்டு வயதில். ஆட்டம் பதினொரு பேருக்கு மாறும், மைதானம் பெரிதாகும். கூட ஆடிய பிள்ளைகள் திடீரென்று உயர்ந்து வேகமெடுப்பார்கள். நம் பிள்ளைக்கு எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்காமல், முன்பைவிட விறைப்பு கூடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு வருடம் முழுக்க மாற்று ஆளாகவே உட்கார வைத்தார்கள். ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் இறக்குவார்கள், அதுவும் ஜெயிக்கிற ஆட்டமாக இருந்தால். பயிற்சியாளரைக் குறை சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அவன் பந்தை விட்டுவிடுவான் என்று நாங்கள் நினைத்த நேரத்தில்தான் மாநிலச் சி.பி. பயிற்சி பற்றி அக்காவுக்குத் தெரிய வந்தது. அதனால் சொல்கிறேன், பத்து வயதிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண கிளப்பை விடவேண்டாம். இரண்டும் கூடவே ஓடட்டும்.

யாரிடம் விசாரிப்பது? மாநில அமைப்பிடம். இங்கே ஃபுட்பால் நியூ சவுத் வேல்ஸ், அங்கே ஃபுட்பால் விக்டோரியா என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் உண்டு. பாரா கால்பந்தைக் கவனிப்பவர் யார் என்று கேட்டு மின்னஞ்சல் போடுங்கள். திறமை பார்க்கும் நாள்களை அவர்கள்தான் நடத்துவார்கள். அங்கிருந்து மாநில அணி, தேசியப் போட்டி, தேசியப் பயிற்சி முகாம், அப்புறம்தான் பாராரூஸ்.

மின்னஞ்சலோடு அனுப்ப ஒரு கோப்பு தயார் செய்துவையுங்கள். நோயை உறுதிசெய்யும் மருத்துவர் கடிதம், எந்த வகை, எந்தப் பக்கம், இயக்கத் திறனில் எந்த நிலை என்று பிசியோதெரபிஸ்ட் எழுதிக்கொடுத்த அறிக்கை, நடந்த அறுவை சிகிச்சைகள், இறுக்கத்தைத் தளர்த்தக் கெண்டைக்காலில் போடாக்ஸ் ஊசி போட்டிருந்தால் அதன் தேதி, இப்போது எடுக்கும் மருந்துகள். வலிப்பு வருவது உண்டென்றால் அதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில் கணிசமானோருக்கு வலிப்பும் உண்டு, அங்கே யாரும் அதைக் கேட்டு அதிர்ச்சியடையப் போவதில்லை. சொல்லாமல் விட்டு மைதானத்தில் வந்தால்தான் ஆபத்து.

பணம் பற்றி ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவித் திட்டமான என்.டி.ஐ.எஸ். கிளப் கட்டணத்தைக் கட்டிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்லாரும் கட்டும் செலவை நாமும்தான் கட்டவேண்டும். குறைபாட்டால் கூடுதலாகத் தேவைப்படும் உதவிக்குத்தான் அது. திட்டத்தைப் புதுப்பிக்கும் கூட்டத்தில் 'கால்பந்து' என்று மட்டும் சொல்லாமல், அதற்காக என்ன உதவி வேண்டும் என்று பிசியோதெரபிஸ்டிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

பிள்ளை ஓடமுடியாத நிலையில் இருந்தால் இந்த ஆட்டம் ஒத்துவராது, இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். இது துணையில்லாமல் ஓடக்கூடியவர்களின் ஆட்டம். மோட்டார் சக்கர நாற்காலியில் ஆடும் பவர்சேர் கால்பந்து தனியாக இருக்கிறது. நடைச்சட்டத்தோடு ஆடும் ஃபிரேம் கால்பந்து இருக்கிறது. இலக்குப் பந்துக்குப் பக்கத்தில் பந்தை உருட்டும் போச்சா இருக்கிறது. மாநில அமைப்பிடமே கேட்டால் வழிகாட்டுவார்கள்.

வகுப்புப் பிரிக்கும் நாள்

பெற்றோருக்கு அதிகப் பதற்றம் தரும் நாள் இது. கிளப்பிலும் பயிற்சியிலும் இது தேவைப்படாது. போட்டி நிலைக்கு வந்தபிறகுதான்.

மூன்று கட்டமாக நடக்கும். முதலில் மேசையில் படுக்கவைத்து, உட்காரவைத்து, மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ கைகால்களை மெதுவாகவும் வேகமாகவும் மடக்கிப் பார்ப்பார்கள். தசை எங்கே எதிர்க்கிறது, கணுக்கால் துடிக்கிறதா, அனிச்சைச் செயல் எப்படி என்று குறிப்பார்கள். இரண்டாவது, மைதானத்தில் ஓடச்சொல்வார்கள், குதிக்கச் சொல்வார்கள், பந்தோடு வளைந்து வளைந்து போகச் சொல்வார்கள். மூன்றாவது, உண்மையான ஆட்டத்தில் வேடிக்கை பார்ப்பார்கள். மேசையில் ஒன்றைக் காட்டிவிட்டு ஆட்டத்தில் வேறு மாதிரி ஓடினால் அங்கே பிடிபட்டுவிடும். வேண்டுமென்றே குறைத்துக் காட்டுவது தண்டனைக்குரிய குற்றம். இதில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்று யாராவது கேட்டால், 2000 சிட்னி பாராலிம்பிக்கில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் அணி, குறைபாடே இல்லாதவர்களை வைத்துத் தங்கம் வென்று பிறகு மாட்டிக்கொண்டதைச் சொல்லுங்கள்.

முடிவு வந்தாலும் அதுவே கடைசி என்றில்லை. வளரும் பிள்ளைகளுக்கு 'மறுபடி பார்க்கவேண்டும்' என்று குறிப்பு போட்டுத் தேதி கொடுப்பார்கள். பாதிப்பு மாறாது என்று தெளிவானபிறகே வகுப்பு உறுதியாகும். தகுதியே இல்லை என்று வருவதும் உண்டு. பாதிப்பு ரொம்ப லேசாக இருந்தால் எஃப்டி3-க்குக்கூட எட்டாது. பிள்ளைக்குக் குறை குறைவு என்று சந்தோஷப்படுவதா, அணியில் இடம் இல்லை என்று அழுவதா என்று தெரியாமல் நின்ற ஓர் அப்பாவை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ் வீடுகளுக்கு இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. "கையைப் பாக்கெட்டில் வை", "ஃபோட்டோவுக்கு அந்தக் கையைப் பின்னால் வை", "ஊரில் கேட்டால் கால் சுளுக்கு என்று சொல்" என்றே பழக்கியிருப்போம். எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான், மற்றவர்கள்மேல் பழி போடவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் மறைக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையை ஒரு நாள் மேசையில் படுக்கவைத்து, அதே கையைக் காட்டு என்றால் அவன் என்ன செய்வான்? அக்கா மகன் பழக்கதோஷத்தில் கையை இடுப்புக்குக் கீழே செருகிக்கொண்டு படுத்தான். பரிசோதித்த அம்மையார் சிரித்துவிட்டு, "இங்கே அது வேலைக்கு வரட்டும்" என்றார். போகும் முன்பே வீட்டில் இதைப் பற்றிப் பேசிவிடுங்கள். எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், இருப்பதை இருக்கிறபடி காட்டினால் போதும் என்று.

காலணி, குளிர், இன்ன பிற

ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டு பாதமும் ஒரே அளவில் இருக்காது. அரை அளவு, ஓர் அளவு வித்தியாசம் சாதாரணம். கடையில் இரண்டு காலையும் அளந்து வாங்குங்கள். சில நேரம் இரண்டு ஜோடி வாங்கவேண்டி வரும். கணுக்கால் பட்டை போடுகிற பிள்ளையானால் அதைப் போட்டுக்கொண்டுதான் காலணி வாங்கப் போகவேண்டும். ஒரு கையால் கட்டக்கூடிய நாடாவா என்று பாருங்கள். மைதானத்தில் நாடா அவிழ்ந்து, நடுவரே குனிந்து கட்டிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். நடுவருக்கு அது ஒன்றுமில்லை, பதினைந்து வயதுப் பையனுக்கு அது பெரிய விஷயம்.

ஜூலைக் காலையில் ஐந்து டிகிரியில் மைதானத்துக்கு வந்து இறங்கினால் தசை மரக்கட்டையாக இருக்கும். மற்றப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் உடம்பைச் சூடேற்றிக்கொள்வார்கள். நம் பிள்ளைக்கு இருபத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். காரிலேயே ஹீட்டரைப் போட்டுக் காலை நீட்டி மடக்க வையுங்கள். இடைவேளையில் உட்கார விடாதீர்கள், ஜாக்கெட்டைப் போட்டு நடக்க விடுங்கள். ஆட்டம் முடிந்த அன்றைக்கு ராத்திரி கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அழுவது நடக்கும், வெந்நீர் ஒத்தடம் கைவசம் இருக்கட்டும். மறுநாள் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் இருந்தால் ஆசிரியருக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கோட்டோரத்தில் எப்படிப் பேசுவது

'பாவம்' என்ற வார்த்தையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒருவர் விழுந்தால் "ஐயோ" என்று மொத்த வரிசையும் எழுந்து நிற்பது நம் ஆட்களின் பழக்கம். இந்த ஆட்டத்தில் விழுவது சகஜம். விழுந்தவர் நீங்கள் "ஐயோ" சொல்லி முடிப்பதற்குள் எழுந்து ஓடிவிடுவார். ஃபவுல் நடந்தால் மட்டும் கத்துங்கள், நடுவரைத் திட்டவேண்டுமென்றால் எல்லா ஆட்டத்திலும் திட்டுகிற அளவுக்குத் திட்டலாம். மோசமான பாஸை மோசமான பாஸ் என்றே சொல்லலாம். சொல்லாமல் விட்டால்தான் அவர்களுக்குக் கோபம் வரும்.

சில ஆட்டக்காரர்களுக்குப் பேச்சு மெதுவாக வரும். முகத் தசையிலும் இறுக்கம் இருப்பதால் அப்படி. அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். பேச்சு திக்குவதை வைத்து அறிவை எடைபோடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம், "தம்பிக்கு எத்தனை வயசு?" என்று கேட்பதற்குப் பதில் தம்பியிடமே கேளுங்கள்.

உதவ நினைத்தால் பணத்தைவிட ஆள்தான் தேவை. தண்ணீர் பாட்டில் நிரப்ப, கோல் வலை கட்ட, தூரத்தில் இருக்கிற பிள்ளைகளைக் காரில் ஏற்றி வர. பிள்ளைகளோடு பழகும் வேலை என்பதால் அரசின் அனுமதிச் சான்று வாங்கவேண்டும். தன்னார்வலருக்கு அது இலவசம், இணையத்தில் விண்ணப்பித்து அடையாளத்தை உறுதிசெய்தால் போதும்.

எங்கள் பதினாலாம் நம்பருக்கு வருகிறேன். அன்றைக்கு இரண்டாம் பாதியில் அவன் கோல் எதுவும் போடவில்லை. ஆட்டம் முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது எதிரணியின் ஒரே எஃப்டி1 கால் பிடித்துக்கொண்டு வெளியே போனார். பதிலுக்கு ஆள் இல்லை. அவர்கள் ஆறு பேரானார்கள். நம் பயிற்சியாளர் உடனே பதினாலாம் நம்பரை ஓரத்திலிருந்து முன்னால் அனுப்பினார். அவன் கோலுக்கு நாலு எட்டுத் தூரத்தில் போய் நின்றான். அவனைத் தனியே விடமுடியாமல் ஒரு டிஃபென்டர் அவனோடு ஒட்டிக்கொண்டார். மிச்ச மைதானத்தில் இருந்தது நாலு பேர்தான். கோல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. அக்கா டீயைக் கொட்டிவிட்டாள்.